நான் என்ஜினை அணைத்தால்

எங்கள் தெருவில் செல்வி என்று ஒரு பெண். கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். போன மாதம் ஒரு நாள் காலையில் எழுமலை மெயின் ரோட்டில் நின்று, செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்கிட்டும் அங்கிட்டும் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி, போனுக்கு வெயில் காட்டுறயா?" என்றேன், மொபெட்டில் உட்கார்ந்தபடியே.

"டவர் இல்ல பெரியப்பா. வண்டி எங்க வருதுன்னு இதுல காட்டும். இன்னைக்குக் காட்ட மாட்டேங்குது."

இப்போது அப்படித்தான். கம்பெனி வண்டி எந்த ஊரைத் தாண்டியது, எப்போது வந்து சேரும் என்பதெல்லாம் செல்போனிலேயே தெரிந்துவிடுகிறது. செல்விக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் நின்றாள். அதே கம்பெனிதான். அவள் செல்போனில் சின்னதாக ஒரு வண்டி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. மொபெட்டை அணைத்தேன். இறங்கினேன்.

"செல்வி, போனக் கீழ எறக்கு. டவர் இருக்கு. ஒன்னைய வேலைய விட்டு எடுத்துட்டாங்க."

அவள் சிரித்தாள். வண்டி வந்தது. மற்றவள் ஏறினாள். டிரைவர் செல்வி பக்கம் திரும்பவில்லை. கதவை அடைத்துக்கொண்டு போய்விட்டான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்கும் செல்போன்தான் சொல்லியிருக்கும்.

"ஒங்களுக்கு எப்பிடிப் பெரியப்பா தெரியும்?" என்றாள் செல்வி. அப்போது சிரிப்பில்லை.

அவள் வீட்டுப் பக்கம் திரும்பும்வரை நின்றேன். அன்றிலிருந்து வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. டிரைவர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறோம், பழைய ஆள் நீங்கள் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் எட்டாவது பெயில். தெரிந்த மட்டுக்கும் எழுதுகிறேன்.

டிரைவர் ஆனது பெரிய கதை இல்லை. லாரியில் கிளீனராக இருந்தேன். டிரைவர் தூங்கும்போது ஓட்டினேன். அப்புறம் லைசென்ஸ். லாரியில் முதுகு போனதும் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் ஆள் ஏற்றும் வேன் கிடைத்தது. வண்டி ராத்திரி என் வீட்டு முன்னால்தான் நிற்கும். விடியக் கிளப்பினால் எழுமலை, உசிலம்பட்டி, திருமங்கலம், கப்பலூர். வழியில் நிற்கும் ஆளையெல்லாம் ஏற்ற வேண்டும். சாயங்காலம் அதே வழியில் இறக்க வேண்டும்.

ஸ்டாப்புக்கு நாங்களே பேர் வைத்திருந்தோம். பால் டெப்போ. பாலம். முறிஞ்ச வேம்பு. வளைவுக்கு முன்னால் ரெண்டு ஹாரன் கொடுப்பேன். கையில் தூக்குவாளியோடு ஓடி வருவார்கள். சாயங்காலம் இறங்கும்போது ஒவ்வொருவரும் "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். வண்டி முழுக்க ரப்பர் வாடை. என் சட்டையிலும் இருக்கும். என் வீட்டுக்காரி துவைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

கம்பெனியில் முதல் தடவை ஆள் குறைத்தது கேட்டில் வைத்து. வேலைக்கு வந்தவர்களை வாட்ச்மேன் கேட்டில் நிறுத்தி, நீ போகலாம், நீ போகக்கூடாது என்றான். கூட்டம் கூடிவிட்டது. ஆபீஸ் கண்ணாடியில் கல் விழுந்தது. போலீஸ் வந்தது. அதற்குப் பிறகு மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

அவர் நல்ல மாதிரிதான். சத்தம் போட்டுப் பேச மாட்டார். சாயங்காலம் நான் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருப்பேன். அவர் கார் பக்கத்தில் வந்து நிற்கும். கண்ணாடி பாதி இறங்கும். இறங்கி வர மாட்டார்.

"முத்தையா, டயர்ல காத்து இருக்கா?"

"இருக்குங்க சார்."

"நாளைக்கு பால் டெப்போவுல நிறுத்த வேணாம்."

முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. "ரோடு வேலை நடக்குதாங்க சார்?" என்று கேட்டேன்.

"அந்த ஸ்டாப்பு குறைச்சாச்சு. ரெண்டு பேருதானே. நீங்க பாட்டுக்குப் போயிருங்க. வண்டி நிக்கலைன்னா அவங்களே புரிஞ்சுக்குவாங்க." கண்ணாடி முக்கால்வாசி ஏறியபோது இன்னும் ஒன்று சொன்னார். "கோபம் பஸ் ஏறி வராது முத்தையா."

அது நிஜம்தான். பால் டெப்போவிலிருந்து கப்பலூருக்கு வர வேண்டுமென்றால் ரெண்டு பஸ் மாற வேண்டும். வந்து சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும். எல்லார் கையிலும் செல்போன் இருந்தது. அதில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் திருப்பிக் கேள்வி கேட்பார்கள் அல்லவா.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் கேதம் சொல்லப் போகிறவர் அவர். கேதம் என்றால் சாவுச் செய்தி. நிலம் வைத்திருக்கும் சம்சாரி வீடுகளில் யாராவது செத்தால், சுற்றுப்பட்டு ஊர்களில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அந்தச் சோலி எங்கள் ஆட்களுடையது. முதலில் நடந்து போனார். பிறகு சைக்கிளில். வாசலுக்கு வெளியே தெருவில் நின்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடாது. இறங்கி, ரெண்டு காலும் தரையில் ஊன்றிச் சொல்ல வேண்டும். யார் என்ற பேரை முதலில் சொல்லிவிட வேண்டும். சுற்றி வளைக்கக்கூடாது. முதல் அழுகை அடங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லக்கூடாது. கேத வீட்டிலிருந்து யாரானாலும் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்புவது. கல்யாணப் பேச்சு முறிந்தாலும் அப்படித்தான்.

அப்பாவுக்கு அந்த வேலை பிடிக்காது. "இது என்னோட போகட்டும். நீ ஸ்டேரிங்கப் புடிச்சுக்க" என்றார். அதற்காகத்தான் என்னை லாரியில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை பால் டெப்போவில் ரெண்டு பேர் நின்றார்கள். பாண்டி, சின்னப்பொண்ணு. என்னைப் பார்த்ததும் பாண்டி பீடியைக் கீழே போட்டான். நிற்காமல் போக எனக்குக் கால் வரவில்லை. நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். இறங்கினேன்.

"பாண்டி, சின்னப்பொண்ணு. ரெண்டு பேருக்கும் வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஏத்த வேணாம்னு உத்தரவு."

பாண்டி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். என்னையா கம்பெனியையா தெரியாது. சின்னப்பொண்ணு தூக்குவாளியைப் பார்த்தாள். "சோறு கட்டிட்டேனேண்ணே. இத என்ன செய்ய?" என்றாள். அவள் டெப்போ கல்லில் உட்கார்ந்து மூடியைத் திறந்து, அந்த விடிகாலையில் மத்தியானச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றேன். வாரேன் என்று சொல்லாமல் கிளம்பினேன்.

விஷயம் மேனேஜருக்குப் போயிற்று. கூப்பிட்டு வைவார் என்று இருந்தேன். கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"பக்குவமாச் சொல்றீங்களாமே. ஒரு பிரச்சனையும் இல்லையாம். அப்படியே செய்யுங்க."

நான் நிறுத்தியது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. அதற்கப்புறம் இன்ன ஸ்டாப் என்றுகூடச் சொல்வதில்லை. ஆள் பேரையே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். நான் காலையில் போய்ச் சொல்ல வேண்டும். அப்பா எந்த வேலையிலிருந்து என்னைத் தப்பிக்க வைத்தாரோ அதே வேலை. அவருக்கு சைக்கிள். எனக்கு வேன்.

வேண்டாம் என்று சொல்லலாமா என்று நினைப்பேன். சொன்னால் இன்னொருத்தன் நிற்காமல் போவான். அதை நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவேன்.

வண்டியில் ஆட்களுக்கும் பழகிப்போயிற்று. நான் என்ஜினை அணைத்தால் முகம் வெளுக்கும். ஒரு தடவை பின் டயரில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று முறிஞ்ச வேம்பில் அணைத்துவிட்டு இறங்கினேன். அங்கே நின்ற பேச்சியக்கா தலையில் கையை வைத்து, "ஆத்தாடி, நானா?" என்று உட்கார்ந்துவிட்டார்.

"நீ இல்லக்கா. டயரு."

"நாசமாப் போவ. டயரப் பாக்கணும்னா வாயத் தொறந்து சொல்லு. எனக்கு உசுரே போயிருச்சு."

வண்டியே சிரித்தது. அதிலிருந்து, யாருக்கும் சொல்ல வேண்டியது இல்லையென்றால் என்ஜினை அணைக்கவே மாட்டேன். எம்புட்டு நேரம் நின்றாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இனி காசிமாயனைப் பற்றி.

அவர் பாலம் ஸ்டாப். சம்சாரி வீட்டு ஆள். அவர் தாத்தா காலத்தில் அந்த வீட்டுத் தெருவில் நின்று என் அப்பா கேதம் சொல்லியிருக்கிறார். மழை பெய்யவில்லை, கிணறு வற்றியது, காசி ரப்பருக்கு வந்துவிட்டார். வண்டியில் என் பக்கத்தில் என்ஜின் மூடி மேல்தான் உட்காருவார். சூடு தாங்காது என்பார், ஆனால் வேறு இடத்தில் உட்கார மாட்டார். என்னைவிடச் சின்னவர். என்னை அண்ணே என்பார். நான் அவரை வாங்க போங்க என்பேன். பழக்கம்.

அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. கள்ளிக்குடிப் பக்கம். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள் என்று ஒரு வாரமாக அதே பேச்சு.

"அண்ணே, மாப்ள வீட்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. பொண்ணோட அப்பா நெலையான வேலைல இருக்காரான்னு. நான் சொன்னேன், எங்க கம்பெனி வண்டி வீட்டு வாசலுக்கே வரும்னு."

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கார் வந்து நின்றது. டயரில் காற்று இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, "பாலத்துல காசிமாயன்" என்றார். கண்ணாடி ஏறிவிட்டது.

காலையில் சொல்லிவிடுவோம், வீட்டுக்குப் போய்ச் சம்சாரத்திடம் பேசிக்கொள்ளட்டும், வெள்ளிக்கிழமைக்கு நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் பாலத்தில் மூன்று பேர் நின்றார்கள். காசி. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர். ஒரு அம்மா. முதல்நாள் ஏதோ விசேஷத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் காசி வீட்டில் தங்கிவிட்டார்கள். திருமங்கலம்வரை கம்பெனி வண்டியில் கூட்டிப் போகிறேன் என்று காசி நிறுத்தி வைத்திருக்கிறார்.

பிரேக்கை மிதித்தேன். கை சாவிக்குப் போயிற்று. திருப்பவில்லை. சம்பந்தக்காரர்கள் நிற்கும்போது எப்படி இறங்கிச் சொல்வது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏறுங்க சம்பந்தி. பாத்து, படி ஒசரம். அண்ணே, நம்ம சம்பந்தி. முன்னாடி சீட்டு குடுங்க."

ஏறினார்கள். காசி என்ஜின் மூடியில் உட்கார்ந்தார். உசிலம்பட்டிவரை கம்பெனிப் பெருமைதான். தீபாவளிக்கு என்ன கொடுப்பார்கள், கேண்டீனில் என்ன போடுவார்கள். "நான் ஏறாம இந்த வண்டி கெளம்பாது. அண்ணன வேணும்னாக் கேளுங்க" என்றார்.

பின்னாலிருந்து பேச்சியக்கா, "ஆமா, இவருதான் மொதலாளி. நாங்கல்லாம் இவரு கையில சம்பளம் வாங்குறோம்" என்றார். சம்பந்தியும் சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாக, ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

"கம்பெனி எப்பிடிண்ணே? நெலச்சு நிக்குமா?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கம்பெனியப் பத்தி நான் என்னங்க சொல்றது. காசிய நம்பிச் சம்பந்தம் பண்ணலாம்."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. திருமங்கலம்வரை கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்று விழுந்தது. "என்னண்ணே, புதுசா ஓட்டுற மாதிரி ஓட்டுறீங்க" என்றார் காசி.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அவர்களை இறக்கினோம். "வெள்ளிக்கெழம பாப்போம்" என்றார் சம்பந்தி. ஊரைத் தாண்டி நாலு வழிச்சாலை ஏறுவதற்கு முன்னால் ஒரு பஞ்சர் கடை. அங்கே ஓரம் கட்டினேன். அணைத்தேன்.

வண்டி கப்பென்று அடங்கிப்போயிற்று. "டயராண்ணே?" என்று பேச்சியக்கா கேட்டார். நான் இறங்கிச் சுற்றி வந்து காசி பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"காசி, எறங்கி வாங்க."

அவர் இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார்.

"காசி. ஒங்களுக்கு வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அவர் ஒரு கையால் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார். "எப்பச் சொன்னாங்க?"

"நேத்துச் சாயங்காலம்."

"அப்ப பாலத்துலயே ஒனக்குத் தெரியும்."

"தெரியும். அவங்க முன்னால எப்பிடிச் சொல்ல."

"முன்னாலயே சொல்லிருக்கணும்யா!" என்று கத்தினார். "சொல்லிருந்தா நான் வேலை போனவன். இப்ப நான் பொய் சொன்னவன். நேத்து ராத்திரி பூரா என் கையில சாப்ட்டுட்டு, காலைல கம்பெனி வண்டில வந்து எறங்கிப் போறாங்க. நாளைக்குத் தெரிஞ்சா, தெரிஞ்சுக்கிட்டே மறச்சான்னு சொல்லுவாங்கள்ல? எம் பொண்ணப் போய் எவன் கேப்பான்?"

நான் அவருடைய மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கேதம் சொன்னபோது பக்கத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்த்ததில்லை. நான் பார்த்தேன்.

காசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். "எங்க போறீங்க?" என்றேன். "பஸ் கெளம்புறதுக்குள்ள போய்ச் சொல்லணும்." நடந்து போனால் பஸ் போயிருக்கும். ஓட்டமும் நடையுமாகப் போனார்.

வண்டியில் ஏறிக் கிளப்பினேன். கப்பலூர் எதிர்ப் பக்கம். ஷிப்டு சங்கு ஊதப் போகிறது. உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் அரை நாள் சம்பளம் போய்விடும். திரும்பிப் பார்த்தேன்.

"என்னத்தப் பாக்குற? திருப்புண்ணே" என்றார் பேச்சியக்கா.

திருப்பினேன். காசிக்குப் பக்கத்தில் போய் நிறுத்தினேன். "ஏறுய்யா" என்றேன். அவரை நான் ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஏறிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் சம்பந்தி டீக்கடையில் நின்றார். அந்த அம்மா பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். கம்பெனி வண்டி திரும்பி வந்ததைப் பார்த்ததும் சம்பந்தி, "என்ன சம்பந்தி, எதையாவது மறந்து வச்சுட்டமா?" என்றார்.

காசி அவர் எதிரில் போய் நின்றார். ரெண்டு காலும் தரையில் ஊன்றி.

"எனக்கு வேலை போயிருச்சு. இப்பத்தான் தெரியும். இந்த அண்ணன் நேத்தே தெரிஞ்சும் ஒங்க முன்னால சொல்லத் தயங்கிட்டாரு. நான் மறைக்கல. இனி ஒங்க முடிவு."

சம்பந்தி டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். என்னைப் பார்த்தார். "நீங்கதான அவர நம்பலாம்னு சொன்னீங்க?"

"ஆமாங்க. இப்பவும் சொல்றேன்."

அவர் மீதி டீயைக் கீழே ஊற்றினார். கிளாஸை வைத்துவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறி அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ சொன்னார். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. சொல்லிக்கொள்ளாமல் போகிறார்கள். காசி தலையைக் குனிந்துகொண்டார். நானும் பார்க்கவில்லை.

"அண்ணே!"

அந்த அம்மா ஜன்னலில் தலையை நீட்டியிருந்தார். காசியைத்தான் கூப்பிட்டார்.

"மதினிகிட்டச் சொல்லிருங்க. வெள்ளிக்கெழம வாரோம்."

பஸ் போய்விட்டது. காசி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. பேச்சியக்கா வண்டியிலிருந்தே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனியாவது போவமா, இல்ல மதுரைக்குப் படத்துக்குப் போவமா?" என்றார்.

அன்றைக்குக் கப்பலூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. உள்ளே ஆட்களை விட்டார்கள். அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். சாயங்காலம் கார் வந்து நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது.

"முத்தையா, டயர்ல காத்து இருக்கா?"

இந்தத் தடவை பேர் என்னுடையது என்று எனக்குத் தெரியும். வண்டியைப் பார்த்து நின்றேன். திரும்பிச் சொன்னேன்.

"சார், எறங்கி வந்து சொல்லுங்க."

அவர் எதிர்பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். கண்ணாடி ஏறும் என்று நினைத்தேன். கதவு திறந்தது. இறங்கினார். அத்தனை வருஷத்தில் அவரை நின்ற நிலையில் பக்கத்தில் பார்த்தது அப்போதுதான். என்னைவிடக் குள்ளம். அங்கே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஷூ சேற்றில் இறங்கிவிட்டது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முத்தையா. நாளையில இருந்து உங்களுக்கு வேலை இல்ல."

நான் அங்கேயே நின்றேன். அவரும் போகாமல் நின்றார். பிறகு வேன் சாவியை எடுத்து அவர் கார் பானட்டின் மேல் வைத்தேன்.

வேறு வண்டிகள் ஓட்டினேன். கண் மங்கியதும் விட்டுவிட்டேன். காசி இப்போது உசிலம்பட்டியில் தீவனக் கடை வைத்திருக்கிறார். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. போனேன். பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தார். அந்தப் பஞ்சர் கடை விஷயத்தை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மேனேஜரும் பிற்பாடு அங்கே இல்லை என்றார்கள். அவருக்கு யார் எப்படிச் சொன்னார்கள் என்று அவ்வப்போது நினைப்பேன்.

இன்றைக்கும் விடியும்போது விழிப்பு வந்துவிடுகிறது. மெயின் ரோட்டுக்குப் போய் நிற்கிறேன். வண்டிகள் வருகின்றன, ஆட்களை ஏற்றுகின்றன, போகின்றன. யாராவது செல்போனைத் தலைக்கு மேலே தூக்கினால் மொபெட்டை அணைத்துவிடுகிறேன்.

வேலை போன அன்றைக்குச் சாயங்காலம் மேனேஜரிடம் வாரேன் என்று சொல்லாமல்தான் கிளம்பினேன். ரோட்டுக்கு வந்து, முதல் தடவையாக, கப்பலூரிலிருந்து பஸ்ஸுக்கு நின்றேன். பின்னால் எங்கள் வண்டி வந்தது. அதற்குள் ஒரு புது டிரைவர். என்னைத் தெரியாது அவனுக்கு. ஆனாலும் வண்டி நின்றது. உள்ளேயிருந்து பேச்சியக்கா சத்தம்.

"நிறுத்துறயா இல்லையா நீ? எங்க அண்ணன் நிக்குதுல்ல!"

ஏறினேன். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.